மேடைக்கு ஓரமாக ஒரு மெத்தை

படிக்க வந்த ஊரில் புதுசுக்கு எல்லாம் கிடைத்தது, தூக்கத்தைத் தவிர.

புதுசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்த மாடி வீட்டில் கடைசியாக வந்து சேர்ந்தவனுக்கு அதுதான் பெயர். அடுத்த ஆள் வரும்வரை பெயரையும் சுமக்க வேண்டும், ஹாலையும் சுமக்க வேண்டும். ஓர் அறையில் டீன் இருந்தார். இன்னொன்றில் தாடியும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். மிச்சமிருந்தது ஹால். அடுத்த செமஸ்டருக்கு எவனாவது வந்துவிடுவான், வந்த அன்றைக்கே உனக்கு ப்ரமோஷன் என்று டீன் வாக்குக் கொடுத்திருந்தார். செமஸ்டர் வந்தது. எவனும் வரவில்லை.

டீன் என்றால் கல்லூரியை ஆளுகிற டீன் இல்லை. இவரும் மாணவர்தான். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கி, வேலை வாங்கி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. இவர் மட்டும் ஆய்வை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆழம் என்று அவருடைய பேராசிரியரே எட்டிப் பார்க்கப் பயந்தார். புதுசு வந்து இறங்கிய அன்று, பெட்டியைக்கூடக் கீழே வைக்க விடாமல், ஒரு ஊரில் செட்டில் ஆவதற்கு மூன்று கட்டங்கள் இருப்பதாக டீன் விளக்கினார். முதல் கட்டத்தில் உடம்பு ஊருக்குப் பழகும். இரண்டாவதில் மனசு பழகும். மூன்றாவது என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டாவது கட்டத்திலேயே டீனுக்குப் பசித்துவிடும்.

ஹாலின் ஒரு மூலைக்கு மேடை என்று பெயர். வீட்டுக்கு வீடியோவில் பேசுவதற்கென்றே டீன் அதைக் கட்டியிருந்தார். கேமராவில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு சுவருக்கு மட்டும் பாலேட்டு நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தது. ஒரு சாண் தள்ளினால் ஈரம் பூத்த பழைய சுவர். நடைபாதையில் யாரோ போட்டுவிட்டுப் போன அலமாரி ஒன்று; அதில் நூலகம் கழித்துக்கட்டிய தடித்தடிப் புத்தகங்கள். மீன் வளர்ப்பு, பல் வைத்தியம், கப்பல் இன்சூரன்ஸ். இதில் எதையும் அந்த வீட்டில் யாரும் படிக்கவில்லை. ஆனால் அட்டைகள் தங்க எழுத்தில் மின்னின. மேசை விளக்குக்குப் பல்பு கிடையாது. மேல்மூடிதானே தெரியப்போகிறது, பல்பு எதற்கு என்று கேட்டுவிட்டார் டீன். பிளாஸ்டிக் செடி ஒன்று, சுவரை ஒட்டி ஒரு திரைச்சீலை. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு, நாலு பேருக்கும் பொது. தாடிக்கு அது முழங்கை தாண்டாது என்பதால் அவன் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுவான். பையனுக்கு என்ன கம்பீரம் என்று அவன் சித்தி சொன்னாளாம்.

தரையில் டேப் ஒட்டி ஒரு கோடு போட்டிருந்தது. மேடையில் ஆள் இருக்கும்போது கோட்டுக்குள் யாரும் நடக்கக் கூடாது. அடுப்புப் பக்கம் போயே தீரவேண்டுமென்றால் தவழ்ந்து போகலாம். பட்டப்படிப்பு முடித்து மேற்படிப்புக்கு வந்த ஆம்பிளைகள் ரொட்டித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு அந்தத் தரையில் தவழ்ந்து போவது தினசரிக் காட்சி.

வம்பு என்னவென்றால், மெத்தை விரிக்க இடமும் அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது. மற்ற பக்கமெல்லாம் அடுப்பு, அரிசி மூட்டை, தாடியின் சைக்கிள், ஈரத்துணிக் கயிறு. யாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தாலும் புதுசு எழுந்து, மெத்தையைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே தானும் நிற்க வேண்டும்.

அவனுக்கு ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஊரார் படுத்து எழுந்த விரிப்புகளை இயந்திரம் துவைத்துக் காயவைத்துத் தள்ளும். இவன் மடிக்க வேண்டும். சுடச்சுட, வெள்ளை வெளேரென்று விரிப்பு கையில் வந்து விழும்போது அப்படியே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாமா என்றிருக்கும். மேற்பார்வை பார்க்கிற அம்மாள் அந்த ஆசையை அவன் கண்ணிலேயே படித்துவிட்டவள்போல, அவனை மட்டும் துண்டு மடிக்கும் பக்கத்துக்கு மாற்றினாள்.

விடியும் முன்னே அந்த வேலை. மதியம் தொடங்கி இருட்டும்வரை வகுப்பு. ராத்திரி ஹாலில் சமையல், அரட்டை, பாத்திரச் சத்தம். காலையில் வேலை விட்டு வந்து, வகுப்புக்குக் கிளம்புவதற்கு நடுவில் கிடைக்கிற பொழுதுதான் அவன் தூங்கியாக வேண்டிய பொழுது. சரியாக அந்தப் பொழுதில்தான் சொந்த ஊரில் விளக்குப் போட்டு, எல்லோரும் சாவகாசமாக உட்கார்ந்து, பையன் என்ன பண்ணுகிறான், கூப்பிடு பார்க்கலாம் என்பார்கள். மாப்பிள்ளைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணிடம் அவன் பேசி முடிப்பதற்குள் புதுசு சைக்கிள் மேலேயே ஒரு குட்டித் தூக்கம் போட்டு விழுந்து எழுந்துவிடுவான்.

வகுப்பில் தலை தொங்கியது. பேராசிரியர் ஒருநாள் கூப்பிட்டு, தூங்குவதென்றால் வீட்டிலேயே தூங்கிவிட்டு வரலாமே என்று நிதானமாகச் சொன்னார். நல்ல யோசனைதான். எங்கே என்றுதான் சொல்லவில்லை. முதல் தேர்வில் பாதி வினாத்தாளுக்கு மேல் எச்சில் ஒழுகியிருந்தது. இன்னொரு தேர்வு உண்டு, அதிலும் தவறினால் படிப்பில் இடம் இருக்காது, ஊருக்குப் போக வேண்டியதுதான் என்பதையும் அவர் அதே நிதானத்தோடு சொன்னார்.

புதுசு வீட்டுக்கு வந்து, காலைப்பொழுதில் மட்டும் மேடைக்கு விடுமுறை விடலாமா என்று கேட்டுப் பார்த்தான். மேடை பொதுச்சொத்து என்றார் டீன். தாடி, தனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பாட்டி பார்க்காவிட்டால் சாப்பிட மாட்டாள் என்றான். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவன் அப்போது மேடையில் இருந்தான்.

ஊரில் உண்மையைச் சொல்லிவிடலாம். சொல்ல வாய் வந்தால்தானே. அப்பா குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட ‘இத்தருணத்தில்’ என்று தொடங்குவார். மகனுக்குத் தோட்டம் பார்த்த படிப்பறை என்று அவர் சங்கம் முழுக்கச் சொல்லியாயிற்று. தோட்டத்தை அவரே நட்டுக்கொண்டார். அம்மா வேறு மாதிரி. அந்தச் செடி வளரவே மாட்டேங்குதே தம்பி என்று ஒரு தடவை கேட்டாள். இந்த ஊர்க் குளிருக்கு அப்படித்தான்மா என்றான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

இப்படி இருக்கையில்தான் அப்பா அந்த ஏற்பாட்டைச் செய்தார். சங்கத்தின் சார்பில் ‘கடல் கடந்த கல்வி: ஒரு வழிகாட்டல்’. சிறப்புரை, மகன். உறுப்பினர்கள் பிள்ளைகளோடு வீட்டுக்கே வருகிறார்கள். பெரிய டிவியில் மகனைப் போட்டுக் காட்டப்போகிறார். நாளைப் பார்த்தால், அந்த இரண்டாவது தேர்வு இருக்கிற நாள். புதுசு சொல்லிப் பார்த்தான். மதியம் பரீட்சை, காலையில் கொஞ்சம் படுத்தால்தான் உருப்படியாக எழுத முடியும் என்றான். படித்த பையனுக்குப் பரீட்சை ஒரு பாரமா, ரெண்டு வார்த்தை பேசினால் போதும், அழைப்பிதழ் ஒட்டியாயிற்று என்றார் அப்பா. பின்னாலிருந்து அம்மா ஏதோ சொல்ல வந்தாள். சங்கக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுகிறவர்களை உட்காரச் சொல்லுவதுபோல அப்பா கையைத் தூக்கினார்.

சிறப்புரையை டீனே எழுதிக் கொடுத்தார். ‘வாய்ப்புகளின் வாசலில் நிற்கும் வருங்காலமே’ என்று அது ஆரம்பித்தது. எங்கே முடிந்தது என்று பார்க்கப் புதுசுக்குத் தெம்பில்லை.

அன்று பார்த்து ஓட்டலில் ஏதோ மாநாட்டுக் கூட்டம் மொத்தமாகக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. துண்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. மடித்து முடித்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே கண்ணயர்ந்து, நிறுத்தம் தாண்டி இறங்கி, திரும்ப நடந்து வீடு வந்தபோது டீன் மேடையைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார். கோட்டை மாட்டிவிட்டார். தலையைச் சீவிவிட்டார். புதுசு பேசி முடித்ததும் டீனுக்கும் அன்று மேடையில் வேலை இருந்தது. எங்கோ ஒரு பெண் வீட்டில் அவரைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தார்கள்.

திரையில் ஊர் வீட்டு ஹால் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக. முன்வரிசையில் சங்கப் பொருளாளர், எதிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கிற மனிதர். சமையலறை வாசலில் அம்மா, கையில் டீத் தட்டோடு. அப்பா வரவேற்புரையைத் தொடங்கினார்.

அப்பாவின் வாக்கியம் ஒன்று கிளம்பினால் எங்கே போய் நிற்கும் என்று கிளம்பும்போது அவருக்கே தெரியாது. சங்கம் தொடங்கிய கதைக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் போய், கல்வியின் சிறப்புக்கு வருவதற்குள் புதுசுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த ஒரு வாக்கியம் முடியும்வரை கண்ணை மூடிக்கொள்ளலாம். சிந்தனையில் ஆழ்ந்திருப்பதுபோல இருக்கும். முடிந்ததும் திறந்துவிடலாம்.

மூடினான். வாக்கியம் முடிந்தது. அவன் திரும்பி வரவில்லை.

முழுத் தூக்கமும் இல்லை. கிணற்றுக்குள் இறங்கியவனுக்கு மேலே பேசுகிறவர்களின் குரல் கேட்குமே, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது. கையைக் காலை அசைக்கத்தான் முடியவில்லை. அப்பா இரண்டு தடவை ‘சிறப்பு விருந்தினர் அவர்களே’ என்றார். ஒரு தடவை ‘டேய்’ என்றார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் படம் உறைந்துவிட்டது என்று அறிவித்தார். சபையில் ஓர் அனுதாபம் எழுந்தது. தன் மருமகனும் இப்படித்தான் அடிக்கடி உறைந்துபோவார் என்று ஒரு அம்மாள் சொன்னாள். நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறதே என்றார் பொருளாளர். அது சிக்னல் ஏறி இறங்குவது என்றார் அப்பா. வாய் திறந்திருக்கிறதே என்றார் பொருளாளர். பேச ஆரம்பிக்கும்போது உறைந்திருக்கிறது என்றார் அப்பா. அதற்கு மேல் அந்த விவாதத்தை அவர் அனுமதிக்கவில்லை. மகன் சொல்ல இருந்ததைத் தானே சொல்வதாகவும், மாடியில் மைக் இருப்பதாகவும் சொல்லி எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார். பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டினால் வயிறு ஒத்துக்கொள்ளாத மனிதர், கடல் கடந்து வாழ்வது எப்படி என்று மாடியில் வழிகாட்டத் தொடங்கினார்.

நாற்காலிகள் இழுபடும் சத்தம் ஓய்ந்தது. டீத் தட்டை எங்கோ வைக்கும் சத்தம். பிறகு ஒரே ஒரு நாற்காலி கிட்டே வந்தது.

இந்தப் பக்கம் டீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெண் வீட்டார் கூப்பிடும் நேரம். மேடையிலோ ஒருத்தன் வாயைத் திறந்து தூங்குகிறான். டீன் சட்டப்படிக் கோட்டைத் தாண்டித் தவழ்ந்து வந்தார். மேசைக்கு அடியில் புகுந்து, புதுசின் முழங்காலைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. கையை மட்டும் மேலே நீட்டித் தோளைத் தட்டினார்.

“யாருப்பா அது, கீழ?”

அம்மாவின் குரல். டீனின் கை தோளிலேயே நின்றுவிட்டது.

“கை தெரியுதுப்பா. எழுப்பாத.”

மேசைக்கு அடியிலிருந்து டீன் மிகவும் மரியாதையாகப் பேசினார். “ஒண்ணும் இல்லம்மா. இங்க நெட்வொர்க் கொஞ்சம் பிரச்சினை. படம் உறைஞ்சு போச்சு.”

“அப்ப நான் பேசறது மட்டும் உனக்கு எப்படிக் கேக்குது?”

எத்தனையோ ஆய்வரங்கங்களில் கேள்விகளைச் சமாளித்தவர் டீன். இதற்குக் கையை மட்டும் மெல்லக் கீழே இழுத்துக்கொண்டார்.

“எந்திரிச்சு வாப்பா. முகத்தப் பாக்கறேன்.”

டீன் எழுந்தார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, டை. கீழே அரை டிரவுசர்.

“கம்ப்யூட்டரக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பு.”

கேமராவின் கோணத்தைப் பற்றியும், வெளிச்சம் எதிரே விழுந்தால் படம் தெளிவாக இராது என்பதைப் பற்றியும் டீன் சொல்லத் தொடங்கினார். அம்மா முழுதாகக் கேட்டாள்.

“சரி. திருப்பு.”

புதுசுக்கு இப்போது விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்க ஒரு நொடி போதும். திறந்தால் அம்மா என்னடா இது என்பாள். நல்லாத்தான்மா இருக்கேன் என்று இவன் சொல்ல வேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றியது வரைக்கும் சொல்லியாயிற்று. இனி இதையும் சொல்ல அவனிடம் சத்து இல்லை. இமையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான். இந்த ஊருக்கு வந்த பிறகு அம்மாவிடம் அவன் மறைக்காமல் காட்டியது அந்தத் தூக்கம் ஒன்றைத்தான். அது அப்படியே இருக்கட்டும்.

மடிக்கணினி மேசைமேல் உராய்ந்து திரும்பியது. எந்த இடத்தில் எது தெரியும் என்று அவனுக்கு மனப்பாடம். முதலில் ஈரச் சுவர். அப்புறம் கயிற்றில் எல்லோருடைய உள்ளாடைகளும். அப்புறம் சைக்கிள்.

“அது அடுப்பா?”

“ஆமாம்மா.”

“கதவுக்குப் பின்னால சுருட்டி நிக்க வெச்சிருக்கிறது?”

“மெத்தைம்மா.”

“யாருது?”

டீன் டையைத் தளர்த்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. “தம்பியோடதும்மா.”

தொலைவில், மாடி மைக்கிலிருந்து, அப்பாவின் குரல் மட்டும் வந்தது: வசதிகள், வாய்ப்புகள், வசதிகள்.

“விரிச்சுப் போடு,” என்றாள் அம்மா.

இன்னும் கொஞ்ச நேரத்தில் தனக்கு ஒரு முக்கியமான போன் இருப்பதாக டீன் சொன்னார். முக்கியமானதென்றால் வெளியே போய் நிம்மதியாகப் பேசு என்றாள் அம்மா. இடம் போதாது, மேசையை நகர்த்த வேண்டியிருக்கும் என்றார். நகர்த்து என்றாள். சத்தம் கேட்டுத் தாடியும் மாப்பிள்ளையும் அறையிலிருந்து வந்து, பழக்கதோஷத்தில் கோட்டருகே வந்ததும் குனிந்தார்கள். நடந்தே வாங்கப்பா, நான் எல்லாம் பாத்தாச்சு என்றாள் அம்மா.

மூன்று பேருமாக அலமாரியைத் தள்ளினார்கள். கப்பல் இன்சூரன்ஸ் கீழே விழுந்தது. மேடைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஜன்னல் கிடையாது, வெறும் சுவர்தான். நிஜ ஜன்னலுக்குத் திரை இல்லை. வெயில் நேரே ஹாலுக்குள் விழும். அந்தத் திரையைக் கழட்டி ஜன்னலில் மாட்டுங்க என்றாள் அம்மா. மாப்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறி மாட்டினான். ஹால் இருட்டியது.

தாடி புதுசின் கோட்டைக் கழற்றி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மெத்தையில் விட்டான். குருடனைத் தெருக் கடத்துவதுபோல அவ்வளவு பதனமாக. அவன் முழித்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று தாடிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணத் தொறந்துறாதடா என்று காதோரம் சொன்னான்.

“பரீட்சை எப்ப இவனுக்கு?” அம்மா இப்போது குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

மதியம் என்றார் டீன்.

“நீ இருந்து எழுப்பி விடறியா? மறந்துற மாட்டியே?”

“மாட்டேம்மா.” வழக்கமாக இந்த இடத்தில் அவர் நினைவாற்றலைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லவில்லை.

“நீ சாப்டியா?”

டீன் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் படியில் செருப்புச் சத்தம் தடதடத்தது. அப்பா உள்ளே வந்தார். கைதட்டல் பலமாக இருந்ததாகவும், பொருளாளர்கூடக் கடைசியில் ஒத்துக்கொண்டதாகவும் சொல்லிவிட்டு, சரியாயிருச்சா என்று கேட்டார்.

“இல்ல,” என்றாள் அம்மா. “இருட்டாத்தான் இருக்கு. இனிமே இந்த நேரத்துல அங்க லைன் கிடைக்காதாம். கூட இருக்கிற பையன் சொன்னான். நாம காலைல பேசிக்கலாம். அவனுக்கு அப்ப ராத்திரி.”

“எவ்வளவு நாளைக்காம்?”

“படிப்பு முடியற வரைக்கும்.”

அப்பா யோசித்தார். அப்படியானால் தொழில்நுட்பக் காரணங்களால் என்று சங்கத்து அறிவிப்புப் பலகையில் போட்டுவிட வேண்டியதுதான் என்றார். போடுங்க என்றாள் அம்மா. இணைப்பு அறுந்தது.

தாடியும் மாப்பிள்ளையும் அறைக்குள் போனார்கள். மேடையில் இருந்த ஒரே உருப்படியான நாற்காலியை டீன் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியருகே போட்டுக்கொண்டார். கோட்டை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. போன் அடித்தது. அடிக்கும் முன்னே எடுத்துவிட்டவர்போல அவசரமாக, ரொம்பத் தணிந்த குரலில் பேசினார்.

“வணக்கம் மாமா... இல்ல மாமா, சத்தமாப் பேச முடியாது. லைப்ரரி மாமா... ஆமா, வீட்டுக்குள்ளயே.”

கீழ்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியைப் படியில் தடால் தடாலென்று இறக்கிக்கொண்டு போனார். என்ன சத்தம் என்று மாமா கேட்டிருக்க வேண்டும்.

“புத்தகம் மாமா,” என்றார் டீன். “பெரிய பெரிய புத்தகம்.”

புதுசுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்குள் தூங்கிவிட்டான்.